மார்கேட், பிராட்ஸ்டேர்ஸ், ராம்ஸ்கேட்: மூன்றில் எங்கே தங்குவது?

இரு பிள்ளைத் தகப்பன் (கேள்வி)

வணக்கம். ஆகஸ்ட் விடுமுறையில் நான்கு நாள் கடலோரம் போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எந்தக் கடலோரம் என்பதில்தான் ஒரு மாதமாக இழுபறி. லண்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது என்பது மனைவியின் நிபந்தனை. அப்படித் தேடியதில் கென்டின் கிழக்கு மூலையில் தானெட் பகுதி அகப்பட்டது. அகப்பட்டதும் புதுச் சிக்கல். அங்கே மார்கேட், பிராட்ஸ்டேர்ஸ், ராம்ஸ்கேட் என்று மூன்று ஊர்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ரயிலில் ஐந்தாறு நிமிடம்தான்.

விடுதிகளின் விளம்பரத்தைப் படித்தால் மூன்றுக்கும் ஒரே வர்ணனை: பொன்னிற மணல், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, சுடச்சுட மீனும் சிப்ஸும். பெயரை மறைத்துவிட்டால் எது எந்த ஊர் என்று எழுதியவருக்கே தெரியாது. அடுத்தடுத்த தெருபோல இருக்கும் ஊர்களில் எங்கே படுத்தால் என்ன என்கிறார் மனைவி. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த என் இரண்டு பிள்ளைகளே ஒன்றுபோல் இல்லையே.

அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வலி, படியேற்றம் ஆகாது. ஆனால் விடியற்காலையில் எழுந்து எங்காவது உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும் அவருக்கு. மகளுக்கு 15, படம் வரைவாள். எங்களோடு நடந்து வருவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதே இப்போதைக்கு அவளது பெரிய கவலை. மகனுக்கு 8, கண்ணில் பட்டதையெல்லாம் கேள்வியாக்குவான். ஆகஸ்ட் இரண்டாம் வாரம். கார் கிடையாது. அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சனிக்கிழமைப் பயணி

மார்கேட்தான், யோசிக்கவே வேண்டாம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் மணல். பையனுக்கு ட்ரீம்லேண்ட் கேளிக்கைப் பூங்கா, பெண்ணுக்கு ஓவியக் கூடம், உங்களுக்குப் பீர். ஷெல் குரோட்டோ என்று ஒரு சிப்பிக் குகையும் இருக்கிறது. 1835-இல் கண்டுபிடித்தார்கள், சுவர் முழுக்க 46 இலட்சம் சிப்பிகளைப் பதித்து வேலைப்பாடு செய்திருக்கிறார்கள். யார் செய்தார்கள், எதற்குச் செய்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேள்வி கேட்கும் பிள்ளையை அங்கே கூட்டிப்போனால் அரை மணி நேரத்துக்கு நீங்கள் தப்பித்தீர்கள்.

மற்ற இரண்டு ஊர்களும் வயதானவர்களுக்கு.

வட்டவழி

மேலே சொன்னவர் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவர். நான் ஒன்பது வருடமாக இந்த மூன்று ஊர்களையும் சுற்றிச்சுற்றி பஸ் ஓட்டுகிறவன். ஊருக்கு ஊர் இரண்டு மூன்று மைல்தான். ஆனாலும் ஓர் ஊரில் ஏறும் ஆளை அடுத்த ஊர்க்காரர் என்று நான் தவறாக நினைத்தது அபூர்வம்.

கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே போதும். மார்கேட்டில் ஏறுகிறவரிடம் சுருட்டிய ஓவியத்தாள் இருக்கும், பழைய சாமான் கடையில் வாங்கிய மேசைவிளக்கு இருக்கும், அல்லது காலை பத்து மணிக்கே பாதி தின்ற பஞ்சுமிட்டாய் இருக்கும். பிராட்ஸ்டேர்ஸில் நாய், புத்தகம், மடக்கு நாற்காலி. ராம்ஸ்கேட்டில் பெயின்ட் டப்பா, தூண்டில், சில நாள் ஈரப் பையில் மீன். அந்தப் பை ஒருமுறை ஒழுகியது, துடைத்தவன் நான்.

ஏன் இப்படி என்று ஓட்டிக்கொண்டே யோசித்ததில் எனக்குத் தென்பட்டது ஒன்றுதான். ஓர் ஊருக்கு முதலில் யார், எதில் வந்து இறங்கினார்களோ, அவர்களுடைய சுபாவம் அந்த ஊரைவிட்டு இறங்குவதே இல்லை. (பஸ்காரன் புத்தி பஸ்ஸோடுதான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மார்கேட்டுக்கு முதலில் வந்தது படகுக் கூட்டம். தானியம் ஏற்றிக்கொண்டு தேம்ஸ் வழியாக லண்டன் போன பாய்மரப் படகுகள், திரும்பும்போது கடலில் குளிக்க ஆசைப்பட்ட லண்டன்வாசிகளை ஏற்றி வந்தன. 1815 முதல் நீராவிப் படகுகள். குடும்பத்தைக் கோடை முழுக்க மார்கேட்டில் விட்டுவிட்டு, ஆண்கள் வாரம் முழுக்க லண்டனில் வேலை பார்த்துச் சனிக்கிழமை படகு பிடித்து வருவார்கள். அதற்குப் பெயரே கணவன்மார் படகு. அப்படி வந்தவருக்குக் கையில் ஒன்றரை நாள் இருக்கும், வாரக் கூலி இருக்கும். அவரை மகிழ்விப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்ட ஊர் எப்படி இருக்கும்? சத்தமாக இருக்கும், வண்ணமாக இருக்கும், கொஞ்சம் ஏமாற்றும், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாது. மார்கேட் இன்றும் அப்படித்தான்.

ட்ரீம்லேண்டில் சீனிக் ரயில்வே என்று மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர் இருக்கிறது. 1920-இல் திறந்தது. 2008-இல் ஒரு பகுதி தீயில் எரிந்து, செப்பனிட்டு, 2015-இல் மறுபடி ஓட்டினார்கள். மற்ற பூங்காக்களில் பெரும்பாலும் தானே ஓடித் தானே நிற்கும். இதில் பிரேக் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பயணிகளுக்கு நடுவே அவரும் ஏறிக்கொண்டு, ஒவ்வொரு இறக்கத்திலும் நெம்புகோலை இழுத்துப் பிடிப்பார். ஒருமுறை அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து போனேன். எல்லோரும் கையைத் தூக்கிக் கத்துகிறார்கள். நான் அவருடைய வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவுக்கு எவ்வளவு முன்னால் இழுக்கிறார், எப்போது விடுகிறார் என்று. இறங்கும்போது தலையசைத்தேன், அவரும் அசைத்தார். தொழில் மரியாதை. பழைய மரவேலை என்பதால் அவ்வப்போது பழுதுபார்க்க நிறுத்திவிடுவார்கள். ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் பையனிடம் வாய் விடுங்கள்.

ஓவியர் டர்னரும் நீராவிப் படகில் வந்து இறங்கியவர்தான். சிறுவயதில் சில காலம் மார்கேட்டில் பள்ளிக்கூடம் போனார். பெரியவரான பிறகு சோஃபியா பூத் என்ற பெண்மணி நடத்திய தங்குவிடுதிக்கு அடிக்கடி வந்தார். அந்த விடுதி இருந்த இடத்தில்தான் 2011-இல் டர்னர் கன்டெம்பரரி ஓவியக் கூடம் வந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு லண்டனில் வாடகை கட்ட முடியாத ஓவியர்களும், கட்ட முடிந்தும் சலித்துப்போனவர்களும் சாரைசாரையாக வந்து குடியேறினார்கள். லண்டனில் ஓவியர்களும் நாகரிக இளைஞர்களும் மொய்க்கும் ஷோர்டிட்ச் பேட்டையை வைத்து, ஷோர்டிட்ச் ஆன் சீ என்று கேலிப் பெயரே விழுந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளிப் போனால் கிளிஃப்டன்வில்லில், ஒருகாலத்து விடுதிகளை ஒற்றை அறைகளாகத் தடுத்து வாழும் ஏழைக் குடும்பங்களையும் பார்க்கலாம். இரண்டு கூட்டமும் என் பஸ்ஸில்தான் ஏறுகிறது. ஒன்றையொன்று பார்ப்பது குறைவு.

அந்தக் கூடத்துக்கு முன்னால் கடலுக்குள் ஓர் இரும்பு மனிதன் நிற்கிறான், ஆன்டனி கோர்ம்லி செய்த சிலை. நீர் வற்றினால் முழு ஆள், ஏறினால் முழுகிவிடுவான். மூன்று வருடத்துக்கு முன்பு ஓர் அம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து, அங்கே ஒரு மனிதர் கழுத்தளவு தண்ணீரில் அசையாமல் நிற்கிறார், போலீஸைக் கூப்பிடுங்கள் என்றார். சொல்லிப் புரியவைத்தேன். அவர் நம்பவில்லை. பஸ் கிளம்பும்வரை ஜன்னல் வழியாக அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிராட்ஸ்டேர்ஸுக்கு வருவோம். அங்கே இருப்பது சின்ன வளைகுடா, சின்னப் படகுத்துறை. படகுக் கூட்டம் இறங்க இடமே இல்லை. 1863 வரை ரயிலும் இல்லை. ஆகவே வந்தவர்கள் எல்லோரும் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கோடை முழுக்கத் தங்கக்கூடியவர்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1837 முதல் வருடக்கணக்கில் வந்து எழுதியது அப்படித்தான். கடற்கரையோரம் வாழ்ந்த மேரி பியர்சன் ஸ்ட்ராங் என்ற அம்மையாருக்குத் தன் வீட்டு முன்னால் கழுதைகள் போவது ஆகாது; விரட்டுவார். அவரை டிக்கன்ஸ் தன் நாவலில் பாத்திரமாக்கிவிட்டார். அவர் வாழ்ந்த வீடு இப்போது டிக்கன்ஸ் அருங்காட்சியகம். அந்த அம்மையாரின் வாரிசுகள் இன்னும் என் பஸ்ஸில் ஏறுகிறார்கள். டிக்கெட்டைக் காட்டும்போதே, இரண்டு நிமிடம் தாமதம் என்று சொல்வார்கள். இறங்கும்போது தவறாமல் நன்றியும் சொல்வார்கள்.

ஒரு வேடிக்கை. தெருப்பாடகர்களின் தொல்லை தாங்கவில்லை, இப்படியே போனால் இந்த ஊரோடு எனக்கு ஒத்துவராது என்று டிக்கன்ஸ் 1847-இல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதே ஊரில் 1965 முதல் ஆகஸ்ட் தோறும் ஒரு வாரம் நாட்டுப்புற இசை விழா. ஊரே பாட்டும் ஆட்டமும். மாரிஸ் நடனக்காரர்கள் இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வரிசையாக மணி கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவார்கள். சாலையில் சின்னப் பள்ளம் வந்தாலும் பஸ் முழுக்கச் சலங்கை ஒலி. இறங்க வேண்டியவர் பொத்தானை அழுத்தினாரா, பள்ளத்தில் கால் குலுங்கியதா என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தினேன். யாருமே இறங்கவில்லை.

உங்கள் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அந்த விழா வாரமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் அங்கே அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் உங்கள் அம்மா தேடுகிற அமைதி கிடைக்காது.

மூன்றாவது ராம்ஸ்கேட். இது உல்லாச ஊராகும் முன்பே துறைமுகம். புயலில் ஒதுங்கக் கப்பல்களுக்கு இடம் வேண்டும் என்று 18-ஆம் நூற்றாண்டில் கட்டினார்கள். 1821-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் இங்கே கப்பலேறியபோது ஊரார் கொடுத்த உபசாரத்தில் மகிழ்ந்து ராயல் என்ற பட்டத்தைத் துறைமுகத்துக்குக் கொடுத்தார். பிரிட்டனில் அந்தப் பட்டம் உள்ள துறைமுகம் இது ஒன்றே. இரண்டாம் உலகப் போரில், 1940-இல் பிரான்ஸின் டன்கர்க் கரையிலிருந்து மீண்ட வீரர்களில் பல்லாயிரம் பேர் இறங்கியது இங்கேதான். டைட்டானிக் கப்பலில் உயிர்பிழைத்த அதிகாரி லைட்டோலர், தன் சொந்தப் படகைத் தானே ஓட்டிப்போய் வீரர்களை ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியதும் இங்கேதான். வேலைக்காகக் கப்பல் வந்த ஊர் ஆதலால், விருந்தாளியைக் கண்டால் எழுந்து நிற்காது. உட்காரச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும்.

துறைமுகத்தில் மணிக்கூண்டு வீடு இருக்கிறது. ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் கணக்கில் நேரம் வைத்திருந்த காலத்தில், ராம்ஸ்கேட்டின் நேரம் கிரீன்விச்சைவிட 5 நிமிடம் 41 விநாடி முந்தி. அந்தக் கணக்கு அங்கே இன்னும் மறக்கப்படவில்லை. நான் கால அட்டவணைப்படி மிகச் சரியாக வந்து நின்றாலும் ராம்ஸ்கேட் நேரப்படி எப்போதும் தாமதம்தான்.

இன்னொன்று, உங்கள் அம்மாவுக்காக. மூன்று ஊரும் ஒரே கடலைப் பார்க்கின்றன என்று நினைக்காதீர்கள். தானெட் ஒருகாலத்தில் தீவு. இடையில் இருந்த வான்ட்சம் நீர்வழி வண்டல் மண்டித் தூர்ந்து நிலத்தோடு சேர்ந்துவிட்டது. மூக்குபோல் நீண்டிருக்கும் அந்த முனையின் வடக்கே மார்கேட், கிழக்கே பிராட்ஸ்டேர்ஸ், தெற்கே ராம்ஸ்கேட். மார்கேட்டின் பெரிய மணற்கரை மேற்கு நோக்கித் திரும்பியிருப்பதால் கிழக்குக் கோடியில் இருந்துகொண்டே சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். பிராட்ஸ்டேர்ஸ் விடியலுக்கு உரியது. முதல் வண்டி ஓட்டும் நாளில் பார்த்திருக்கிறேன்: மார்கேட்டில் அந்நேரம் தெருவைக் கழுவிக்கொண்டிருப்பார்கள், பிராட்ஸ்டேர்ஸில் பாறைமேல் பெஞ்சுகளில் ஆள் உட்கார்ந்திருக்கும்.

நானாக இருந்தால் ராம்ஸ்கேட்டில் தங்கி, விடியலுக்கு ஒரு நாள் பிராட்ஸ்டேர்ஸும் மாலைக்கு ஒரு நாள் மார்கேட்டும் போவேன்.

துறைமுகத்துக்காரி

வட்டவழி அண்ணா, நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எங்கள் ஊருக்கு வரும்போது மட்டும் மன்னர், போர், மணிக்கூண்டு என்று அருங்காட்சியகம் சுற்றிக் காட்டுகிறீர்கள். மார்கேட்டுக்கு மட்டும் உயிரோடு இருக்கும் மனிதர்கள், எங்களுக்குச் செத்தவர்களா? ராம்ஸ்கேட் பழைய நினைவில் உட்கார்ந்திருக்கும் ஊர் என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

நான் குடியிருப்பது துறைமுகத்துக்கு மேலே. காலையில் என்னை எழுப்புவது காற்றாலைப் படகுகளின் எஞ்சின். தானெட் கடலில் 2010-இல் திறந்த நூறு காற்றாலைகளையும், அதற்கு அப்பால் லண்டன் அரே என்ற பெரிய காற்றாலைப் பண்ணையையும் பராமரிக்கும் ஆட்கள் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். ஆரஞ்சு உடையில், கையில் தேநீர்க் குவளையோடு. பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டுக்கு ஓடிய கார்ப்படகு 2013-இல் நின்றபோது எங்கள் ஊர் முடிந்தது என்றார்கள். முடியவில்லை. முடிந்துவிட்டது என்று எழுதுவது சுலபம், அவ்வளவுதான்.

மணலும் எங்களிடம் உண்டு. ராம்ஸ்கேட் மெயின் சாண்ட்ஸ் துறைமுகத்துச் சுவரை ஒட்டியே தொடங்குகிறது. வடகாற்று அடிக்கும் நாளில் மார்கேட்டில் துண்டு பறக்கும், இங்கே அவ்வளவு தெரியாது.

கேட்டவருக்கு: உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். 1876 ஏப்ரலில் 23 வயதுப் பையன் ஒருவன் இந்த ஊருக்குச் சம்பளம் இல்லாத உதவி ஆசிரியனாக வந்தான். தங்கியது ஸ்பென்சர் சதுக்கத்தில். பள்ளி ஜன்னலில் தெரிந்த காட்சியை வரைந்து வைத்தான். தம்பிக்கும் கடிதம் எழுதினான். அவன் வின்சென்ட் வான் கோ. மார்கேட்டில் டர்னருக்குக் கண்ணாடிக் கூடம் கட்டியிருக்கிறார்கள். இங்கே ஒரு சிறு பலகை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஜன்னல் பார்த்த கடல் அப்படியே இருக்கிறது, வரைகிற பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று அவளே சொல்லட்டும்.

பையனுக்குச் சுரங்கம். 1939-இல் குண்டுவீச்சுக்குப் பயந்து சுண்ணாம்புப் பாறைக்குள் தோண்டியது. 1940 ஆகஸ்ட் 24 அன்று சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கணக்கான குண்டுகள் விழுந்தன; ஊர் நொறுங்கியது, சுரங்கத்துக்குள் ஓடியவர்கள் பிழைத்தார்கள். வழிகாட்டியோடு உள்ளே போகலாம். கோடையிலும் உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

(அண்ணா, நானும் செத்தவர்களிடம்தான் வந்து நிற்கிறேன். தெரிகிறது.)

அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை. ரயில் நிலையம் கடலிலிருந்து ஒரு மைல் உள்ளே இருக்கிறது, நடக்கவிடாதீர்கள். மேட்டில் தங்கினால் துறைமுகத்துக்கு இறங்கி ஏறுவது அவருக்குக் கடினம். ஒன்று கீழே துறைமுக மட்டத்தில் அறை எடுங்கள், இல்லை மேற்குப் பாறைமேல் எடுத்து அங்கேயே சமதரையில் உலவவிடுங்கள்.

இரு பிள்ளைத் தகப்பன்

இருவருக்கும் நன்றி. வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: அந்த நடனக்காரர்கள் கடைசியில் எங்கே இறங்கினார்கள்? மகன் கேட்டவை பதினொன்று. அவற்றில் முக்கியமானது, இரும்பு மனிதன் முழுகுவதை முழுக்கப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மகள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வான் கோவுக்கு அப்போது சம்பளம் கொடுக்காத பள்ளிக்கூடம் எது என்று தேடிக்கொண்டிருந்தாள், நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

ராம்ஸ்கேட்டில் துறைமுக மட்டத்திலேயே அறை கிடைத்துவிட்டது. பாறையடியில் மணலிலேயே ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

வட்டவழி

துறைமுகத்துக்காரி சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ராம்ஸ்கேட்டில் எனக்குப் பத்து நிமிட ஓய்வு, அதை மணிக்கூண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டே கழிக்கிறேன். காற்றாலை ஆட்கள் நான் வருமுன் கடலுக்குப் போய்விடுகிறார்கள். அவரவர் கடிகாரத்துக்குத் தெரிகிற ஊர்தான் அவரவருக்கு.

நடனக்காரர்கள் பிராட்ஸ்டேர்ஸ் ஹை ஸ்ட்ரீட்டில் இறங்கினார்கள். பத்துப் பேரும் ஒரே நேரத்தில். தேர் நிலைக்கு வந்ததுபோல இருந்தது.

மணலில் நடப்பது பற்றி: முடியும், ஆனால் நீர் வற்றும் நேரம் தெரியாமல் இறங்காதீர்கள். சில இடங்களில் பின்னால் செங்குத்துப் பாறை, ஏறப் படி இருக்காது. நீர் திரும்பினால் மாட்டிக்கொள்வீர்கள். அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள். அம்மாவை என்னிடம் ஏற்றிவிடுங்கள். பாறைக்கு அடியில் நிற்கவும் வேண்டாம், சுண்ணாம்பு தானாகவே பெயர்ந்து விழும்.

பிராட்ஸ்டேர்ஸ் நிலையத்திலிருந்து கடலுக்கு ஹை ஸ்ட்ரீட் முழுக்க இறக்கம். போகும்போது சுகம், திரும்பும்போது உங்கள் அம்மா உங்களைத் திட்டுவார். வைக்கிங் பே கரைக்கு இறங்க லிஃப்ட் இருக்கிறது. ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். மணலில் இறங்காவிட்டாலும் நட்டமில்லை, மேலே இருக்கிற பெஞ்சில்தான் காட்சி. அந்த வளைகுடாவுக்கு வைக்கிங் என்ற பெயரே 1949-இல் வந்ததுதான். டென்மார்க்கிலிருந்து பழைய மாதிரிக் கப்பல் ஒன்றைச் செய்து துடுப்புப் போட்டு வந்து அங்கே இறங்கினார்கள். அந்தக் கப்பல் இப்போது ராம்ஸ்கேட்டுக்கு அந்தப் பக்கம் பெக்வெல் பேயில் சாலையோரம் நிற்கிறது. இறங்கிய ஊருக்குப் பெயர், பக்கத்து ஊருக்குக் கப்பல். பங்கு பிரித்தது யாரோ.

இரும்பு மனிதன் விஷயத்தில் பையனிடம் நேரம் சொல்லாதீர்கள். சொன்னால் அவ்வளவு நேரமும் நிற்பான்.

இரு பிள்ளைத் தகப்பன்

போய்வந்துவிட்டோம். சொன்னபடி எழுதுகிறேன்.

நேரம் சொல்லாமலே நின்றான். மார்கேட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டே இருந்தான். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு தம்பதியும் சேர்ந்துகொண்டார்கள். தலை மறைந்ததும் மூவரும் கைதட்டினார்கள். சீனிக் ரயில்வே அன்று ஓடவில்லை. இருந்தும் அந்தப் பெண்மணி அவனுக்கு ஒரு பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

மகள் டர்னர் கூடத்தில் பத்து நிமிடம்தான் இருந்தாள். ஓவியங்களைவிட அங்கிருக்கும் பெரிய ஜன்னல் நன்றாக இருக்கிறது என்றாள். ஸ்பென்சர் சதுக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வரைந்தாள். என்ன வரைந்தாள் என்று காட்டவில்லை.

பிராட்ஸ்டேர்ஸில் விடியலைப் பார்க்க அம்மாவும் நானும் மட்டும் போனோம், டாக்ஸியில். முந்தின இரவு ஆடிய களைப்போ என்னவோ, பாறைமேல் பெஞ்சில் ஒரு நடனக்காரர் காலில் மணியோடு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவர் கால்மாட்டில் மிச்சமிருந்த இடத்தில் மெதுவாக உட்கார்ந்துகொண்டார். அவர் புரளும்போதெல்லாம் மணி ஒலித்தது. அம்மா அரை மணி நேரம் கடலைப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ராம்ஸ்கேட்டில் மனைவிக்குத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. காரணம் கேட்டேன். அங்கே யாரும் எதையும் வாங்கச் சொல்லவில்லை என்றார்.

வட்டவழி, உங்களைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் குறை. நான்கு நாளும் ஒவ்வொரு ஓட்டுநரின் முகத்தையும் உற்றுப் பார்த்தோம்.

வட்டவழி

வியாழக்கிழமை காலை ராம்ஸ்கேட் துறைமுக நிறுத்தத்தில் ஒரு பையன் ஏறியதும் ஏறாததுமாக, "ஐந்து நிமிடம் நாற்பத்தொரு விநாடி தாமதம்" என்றான். பின்னால் வந்தவர் அவன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். அது நீங்கள்தானே?

உண்மையில் அன்று எட்டு நிமிடம் தாமதம். மார்கேட்டில் ஒரு பெண் ஆளுயரக் கண்ணாடியோடு ஏறினார். அது கதவுக்குள் நுழையவில்லை. மூன்று பேர் இறங்கிச் சாய்த்துப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

துறைமுகத்துக்காரி

கண்ணாடி ராம்ஸ்கேட்டில்தான் இறங்கியது. எங்கள் மாடிக்கு மேல் புதிதாகக் குடிவந்திருக்கிறார்.